குவார்ட்டருக்குள் எத்தனை கிராம்?

தமிழ்நாட்டில் மதுவை அளக்கும் அலகு குவார்ட்டர். பிராந்தியோ ரம்மோ விஸ்கியோ, 180 மில்லி. பாட்டிலின் லேபிளில் பொடி எழுத்தில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதன்படி கணக்குப் போட்டால் ஒரு குவார்ட்டரில் 77 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. எடையில் ஏறத்தாழ 61 கிராம். மருத்துவ ஆய்வுகள் ரவுண்டிலோ பெக்கிலோ பேசுவதில்லை, கிராமில்தான் பேசுகின்றன. ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் மிகைக்குடி என்று வகைப்படுத்துகிறது. "தினம் ஒரு குவார்ட்டர்தான், அதுக்கு மேல தொடமாட்டார்" என்று ஒருவரைப் பற்றி நற்சான்றாகச் சொல்கிறோமே, அந்த மனிதர் அந்தக் கோட்டை ஒவ்வொரு நாளும் தாண்டிக்கொண்டிருக்கிறார்.

மது உடம்பை என்ன செய்கிறது என்ற கேள்விக்குப் பின்னால் நூறாண்டு ஆராய்ச்சி இருக்கிறது. அதில் பெரும்பகுதி முடிந்த விஷயம். ஒரு சிறு பகுதியில் மட்டும் இன்னும் வழக்கு ஓடுகிறது. அந்த வழக்கு முழுக்க நாளொன்றுக்கு 10, 20 கிராம் குடிப்பவர்களைப் பற்றியது. அதிலிருந்து கிளம்பிய பேச்சுதான் "அளவோடு குடிச்சா இதயத்துக்கு நல்லதாம்" என்று நம் டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பேச்சு வந்ததே தவிர, அந்த அளவு எவ்வளவு என்பது கூடவே வரவில்லை. ஆய்வுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது இந்த இடைவெளியை மறக்காமல் இருக்க வேண்டும்.

சில அளவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு குவார்ட்டரை இருவர் பகிர்ந்துகொள்ளும் 'கட்டிங்' 30 கிராம். எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் 41 கிராம். ஐந்து சதவீதம் ஏறிய கள் ஒரு லிட்டரில் 40 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பிரிட்டன் 2016இல் தன் மக்களுக்குச் சொன்ன உச்சவரம்பு வாரத்துக்கு 14 யூனிட், அதாவது 112 கிராம். அதையும் மூன்று நாளிலோ அதற்கு மேலோ பிரித்துக் குடிக்கச் சொன்னது. இரண்டு குவார்ட்டரில் அது தீர்ந்துவிடும். கனடாவில் 2023இல் வெளியான வழிகாட்டுதல் இன்னும் கண்டிப்பானது. அபாயம் குறைவாக இருக்க வாரத்துக்கு இரண்டு கோப்பை, மொத்தம் 27 கிராம் என்றது. ஒரு கட்டிங்கைக்கூட அது தொடவில்லை.

வயிற்றுக்குள் போன ஆல்கஹால் செரிக்க வேண்டிய உணவு அல்ல. நேராக ரத்தத்தில் கலந்து, மூளை உட்பட நீர் இருக்கும் எல்லா இடத்துக்கும் போய்விடுகிறது. அதை அப்புறப்படுத்தும் வேலை பெரும்பாலும் கல்லீரலின் தலையில் விழுகிறது. ஒரு நொதி ஆல்கஹாலை அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது. இன்னொரு நொதி அதை அசிட்டேட்டாக மாற்றி ஆபத்தில்லாமல் ஆக்குகிறது. நடுவில் இருக்கும் அசிட்டால்டிஹைடுதான் விஷமம். அது உயிரணுவின் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு அதைப் பழுதாக்குகிறது, பழுதைச் சரிசெய்யும் ஏற்பாட்டையும் கெடுக்கிறது. கல்லீரல் இந்த வேலையைத் தன் வேகத்தில்தான் செய்யும். மோர் குடித்தாலும் எலுமிச்சம்பழம் பிழிந்தாலும் குளித்தாலும் அந்த வேகம் கூடாது. பெண்களின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே அளவு மது அவர்கள் ரத்தத்தில் அதிகச் செறிவோடு ஏறுகிறது. கல்லீரல் பாதிப்பும் குறைந்த அளவிலேயே, குறைந்த காலத்திலேயே வருகிறது.

கிழக்காசியாவில் கணிசமான மக்களுக்கு அந்த இரண்டாவது நொதி பிறவியிலேயே சரியாக வேலை செய்வதில்லை. ஒரு கோப்பை குடித்ததும் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். அசிட்டால்டிஹைடு தேங்குவதன் அறிகுறி அது. அதையும் மீறிக் குடித்துப் பழகுபவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. இந்த மரபணு வேறுபாடு பின்னால் ஒரு பெரிய வழக்கைத் தீர்க்க உதவியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் புற்றுநோய், ஏனென்றால் நம்மிடையே அதிகம் பேசப்படாதது அதுதான். மது கல்லீரலைக் கெடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மது புற்றுநோய் தரும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதுவை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக 1988லேயே அறிவித்துவிட்டது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் அதே வகை. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்களுக்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பு உறுதியாகியிருக்கிறது. 2020இல் உலகெங்கும் புதிதாகக் கண்டறியப்பட்ட புற்றுநோய்களில் ஏழு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை, ஏறத்தாழ நான்கு சதவீதம், மதுவால் வந்தவை என்று லான்செட் ஆன்காலஜி இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அதிகம் குடிப்பவர்களுக்கு வாய், தொண்டைப் புற்றுநோய் வாய்ப்பு குடிக்காதவர்களைப்போல் ஐந்து மடங்கு. மார்பகப் புற்றுநோயில் நாளுக்கு 10 கிராம் கூடும்போதெல்லாம் வாய்ப்பு ஏழு சதவீதம் வாக்கில் ஏறுகிறது. இதற்குக் கீழே போனால் ஒன்றும் ஆகாது என்று கோடு போட்டுக் காட்டும்படியான இடம் எதுவும் இதில் கண்டுபிடிக்கப்படவில்லை.

புகையிலையோடு சேரும்போது கணக்கே மாறிவிடும். மதுவால் வாயின் உட்சவ்வு இளகி, புகையிலையின் நச்சுகள் உள்ளே புக வழி கிடைக்கிறது. இரண்டு தீமைகளும் கூடுவதில்லை, பெருகுகின்றன. பாரில் ஒரு கையில் கிளாஸும் மறுகையில் சிகரெட்டுமாக உட்காருகிறவர்களையும், வேலை நேரத்தில் ஹான்ஸ் புகையிலையை அதக்கி மாலையில் குவார்ட்டர் அடிப்பவர்களையும் நினைத்துக்கொண்டால், வாய்ப்புற்றுநோய் இந்தியாவில் ஏன் இத்தனை ஆண்களைப் பிடிக்கிறது என்பது விளங்கும்.

இனி அந்த வழக்கு. 1926இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ரேமண்ட் பெர்ல் என்ற உயிரியலாளர், உழைக்கும் வர்க்கக் குடும்பங்களின் ஆயுளைக் கணக்கெடுத்து ஒரு புத்தகம் எழுதினார். அதிகம் குடித்தவர்கள் சீக்கிரம் இறந்தார்கள்; அதில் ஆச்சரியமில்லை. ஆனால் மிதமாகக் குடித்தவர்கள் குடிக்காதவர்களைவிடச் சற்று அதிக நாள் வாழ்ந்ததாக அவருக்குத் தெரிந்தது. பின்னால் வந்த பல ஆய்வுகளிலும் இதே வடிவம் தென்பட்டது. வரைபடத்தில் போட்டால் ஆங்கில எழுத்து ஜே போல இருக்கும்: குடிக்காதவர்களிடம் தொடங்கி, கொஞ்சம் குடிப்பவர்களிடம் சற்றுத் தாழ்ந்து, பிறகு செங்குத்தாக ஏறும் கோடு. 1992இல் செர்ஜ் ரெனோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர், கொழுப்பு நிறையச் சாப்பிட்டும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருப்பதற்கு ஒயின் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்தச் செய்தி வந்து, சிவப்பு ஒயின் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. இன்றைக்கும் நம்மூரில் டாக்டரிடம் போய் "ரெட் ஒயின் எடுத்துக்கலாமா சார்" என்று கேட்பவர்களின் கேள்வி அங்கிருந்து வந்ததுதான்.

அந்த ஜேவின் அடியில் ஒரு கோளாறு இருந்தது. பிரிட்டனில் 24 நகரங்களைச் சேர்ந்த 7,735 நடுவயது ஆண்களைத் தொடர்ந்து கவனித்துவந்த ஜெரால்ட் ஷேப்பர், 1988இல் ஒரு எளிய கேள்வியை எழுப்பினார். இந்த 'குடிக்காதவர்கள்' யார்? பார்த்தால், அவர்களில் பலர் முன்பு குடித்து, நோய் வந்தபின் நிறுத்தியவர்கள். அவர்கள் நோயாளிகளாக இருப்பதற்குக் குடிக்காததா காரணம்? நோயாளிகளானதால் அல்லவா குடிப்பதில்லை! இது தவிர, பணக்கார நாடுகளில் அளவோடு ஒயின் குடிப்பவர் பெரும்பாலும் வசதியானவர், உடற்பயிற்சி செய்பவர், நல்ல மருத்துவம் பெறுபவர். அவர் உடல்நலத்துக்கான பெருமை ஒயினுக்குப் போய்ச் சேர்ந்தது. 107 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து இந்தப் பிழைகளைக் களைந்து பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2023இல் வந்தது. மிதமான குடியால் ஆயுள் கூடுகிறது என்ற பலன் அதில் கரைந்துபோனது.

மரபணு ஆய்வுகள் இன்னும் தெளிவான விடையைத் தந்தன. குடிக்கும் பழக்கம் வருமானம், படிப்பு, குணம் எல்லாவற்றோடும் பின்னிக்கிடக்கிறது. பிறவியில் வாய்க்கும் மரபணு அப்படியல்ல. முகம் சிவக்கவைக்கும் அந்த மரபணு உள்ள சீனர்கள் இயல்பிலேயே குறைவாகக் குடிக்கிறார்கள். ஆக, இயற்கையே ஒரு பரிசோதனையை நடத்திவைத்திருக்கிறது. சீனாவில் ஐந்து லட்சம் பேரைப் பத்தாண்டு தொடர்ந்த ஆய்வின் முடிவு 2019இல் லான்செட்டில் வெளியானது. வழக்கமான முறையில் பார்த்தபோது மிதமாகக் குடிப்பவர்களுக்குப் பக்கவாதம் குறைவாகத் தெரிந்தது. மரபணு வழியாகப் பார்த்தபோது அந்தப் பாதுகாப்பு காணாமல் போயிற்று. மது கூடக்கூட ரத்த அழுத்தமும் பக்கவாதமும் நேராகக் கூடின. மாரடைப்பைப் பொறுத்தவரை நன்மையும் தெளிவாகத் தெரியவில்லை, தீமையும் தெளிவாகத் தெரியவில்லை. ஐரோப்பியர்களிடம் இதே வகையில் 2014இல் நடந்த ஆய்விலும், மரபு காரணமாகக் குறைவாகக் குடிப்பவர்களுக்கு இதயநோய் குறைவாகவே இருந்தது.

மருந்துகளைச் சோதிப்பதுபோல் ஒரு பகுதியினருக்கு மது கொடுத்து, ஒரு பகுதியினருக்குக் கொடுக்காமல் பார்த்துவிட்டால் என்ன என்று அமெரிக்காவில் ஒரு பெரும் சோதனை தொடங்கினார்கள். செலவின் பெரும்பகுதியை மது நிறுவனங்கள் கொடுக்க முன்வந்ததும், ஆய்வாளர்கள் முன்கூட்டியே அவற்றுடன் பேசியதும் வெளியே வந்தன. 2018 ஜூனில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் சோதனையை நிறுத்தியது. எதிர்த்தரப்புக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. 2024 டிசம்பரில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் குழு ஒன்று, மிதமாகக் குடிப்பவர்களின் ஒட்டுமொத்த இறப்பு விகிதம் ஒருபோதும் குடிக்காதவர்களைவிடச் சற்றுக் குறைவு என்றும், பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு அதிகம் என்றும் ஒரே அறிக்கையில் சொன்னது. ஆக, 10 கிராம் வட்டாரத்தில் வாதம் முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய வேறொரு செய்தி இருக்கிறது. 52 நாடுகளில் மாரடைப்பு நோயாளிகளை ஆராய்ந்த இண்டர்ஹார்ட் ஆய்வில், மற்ற நாட்டவரிடம் தென்பட்ட அந்தச் சிறு பாதுகாப்புகூடத் தெற்காசியர்களிடம் தென்படவில்லை. நமக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்றவர்களுக்கு 59ஐ ஒட்டி. ஏற்கெனவே சீக்கிரம் அடிபடும் இதயம் நம்முடையது. அதற்கு மருந்தென்று மதுவைச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

அதிகம் குடித்தால் இதயத்துக்கு என்ன ஆகும் என்பதில் வாதமே கிடையாது. முதல் உலகப்போரின்போது, 1915இல், காமில் லியான் என்ற பிரெஞ்சு மருத்துவர் தினமும் லிட்டர் கணக்கில் ஒயின் குடித்த சிப்பாய்களுக்கு ரத்த அழுத்தம் உயர்ந்திருப்பதைப் பதிவுசெய்தார். நூறாண்டுக்குப் பிறகும் அந்தக் கண்டுபிடிப்பு அசையவில்லை. ஒரே இரவில் மட்டுமீறிக் குடித்தால் இதயத்துடிப்பு தாளம் தப்பலாம். ஆண்டுக்கணக்கில் குடித்தால் இதயத்தசை தளர்ந்து வீங்கலாம். பிரஷர் மாத்திரை இரண்டு மூன்று போட்டும் அழுத்தம் இறங்கவில்லை என்று வருபவரிடம் டாக்டர் முதலில் கேட்க வேண்டியது சாயங்காலப் பழக்கத்தைப் பற்றித்தான்.

கல்லீரலின் கதை நிதானமாக நடப்பது, அதனாலேயே ஏமாற்றுவது. மிகையாகக் குடிப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்கிறது. வலி இருக்காது, அறிகுறி இருக்காது. ஸ்கேன் எடுத்தால் தெரியும். இந்தக் கட்டத்தில் நிறுத்திவிட்டால் சில வாரங்களில் கல்லீரல் பழையபடி ஆகிவிடும். உடம்பில் இத்தனை மன்னிக்கும் உறுப்பு வேறு இல்லை. நிறுத்தாவிட்டால் சிலருக்கு அழற்சி வருகிறது. பத்து முதல் இருபது சதவீதம் பேருக்கு, பல ஆண்டுகளில், சிரோசிஸ். தீக்காயம் ஆறிய தோல் தடித்து இறுகுவதுபோல் கல்லீரல் முழுக்கத் தழும்பாகிவிடுகிறது. ரத்தம் அதற்குள் ஓட முடியாமல் பின்தேங்குகிறது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. உணவுக்குழாயின் அடிப்பகுதியில் நரம்புபோல் ரத்தக்குழாய்கள் புடைக்கின்றன. அவற்றில் ஒன்று வெடித்தால் வாய்வழியாக ரத்தம் கொட்டும். ரத்தத்தில் நச்சு கூடி மூளைக்குப் போனால் பகலில் தூங்குவார், இரவில் விழித்திருப்பார், பேச்சு குழறும், கையை நீட்டச்சொன்னால் மணிக்கட்டு சிறகடிப்பதுபோல் துடிக்கும். அரசு மருத்துவமனையின் குடல், கல்லீரல் வார்டுக்குள் போனால் கை கால் குச்சியாகவும் வயிறு பானையாகவும் படுத்திருக்கும் ஆண்களைப் பார்க்கலாம். பலர் நாற்பதுகளில் இருப்பவர்கள்.

அவர்களில் பலர் தாமதமாக வந்தவர்கள். கண் மஞ்சளானதும் ஊரில் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள், பத்தியம் இருக்கச் சொல்வார்கள். வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் தானே சரியாகிவிடும் என்பதால் அந்த வைத்தியத்துக்கு நல்ல பெயர். குடியால் வரும் காமாலை அப்படிப்பட்டதல்ல. கல்லீரல் கையை விரிக்கத் தொடங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். "நான் நல்ல சரக்குதான் அடிக்கிறேன்" என்ற நம்பிக்கையும் உதவாது. கல்லீரலுக்குப் பிராண்டு தெரியாது. கள் இயற்கையானது என்பார்கள். அதிலுள்ள ஆல்கஹாலும் அதே ஆல்கஹால்தான். மதுவின் வகை மாறினால் மாறுவது செறிவும், எவ்வளவு வேகமாக உள்ளே போகிறது என்பதும். இந்தியாவில் கணக்கில் வரும் மதுவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஸ்பிரிட் வகை. வெறும் வயிற்றில், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போகும் அவசரத்தில் நின்றபடியே முடிப்பது இங்கே பரவலான முறை. ஐரோப்பியர் சாப்பாட்டு மேசையில் இரண்டு மணி நேரத்தில் குடிப்பதை வைத்து எழுதிய ஆய்வை இங்கே பொருத்திப் பார்க்கவே முடியாது.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஆல்கஹாலை அப்புறப்படுத்தும் வேலையில் இருக்கும்போது கல்லீரலால் ரத்தத்துக்குப் புதிதாகச் சர்க்கரை தயாரித்துக் கொடுக்க முடியாது. இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர் சாப்பிடாமல் குடித்தால், நடு இரவில் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம். வியர்க்கும், உளறுவார், தள்ளாடுவார், மயங்கிவிடுவார். மப்பில் கிடக்கிறார் என்று வீட்டில் கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். விடிந்து பார்த்தால் காரியம் மிஞ்சியிருக்கும். குளுக்கோமீட்டர் இருக்கும் வீடுகளில் இந்த நேரத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பது உயிரைக் காக்கும்.

காசநோய்க்கும் மதுவுக்கும் உள்ள உறவு மேலைநாட்டு ஆய்வுகளில் அவ்வளவாக இடம்பெறுவதில்லை; நமக்கோ அது வீட்டு விவகாரம். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர். நாளுக்கு 40 கிராமுக்கு மேல் குடிப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்கு என்று தொகுப்பாய்வுகள் காட்டியிருக்கின்றன. மது நோயெதிர்ப்பைத் தளர்த்துகிறது, பசியைக் கெடுத்து உடம்பை உருக்குகிறது, காற்றோட்டமில்லாத பாரில் இருமுபவர்களோடு மணிக்கணக்கில் உட்காரவைக்கிறது. ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரையைக் குடிப்பவர் நடுவில் விட்டுவிடுகிறார். அந்த மாத்திரைகளும் கல்லீரலுக்குப் பாரமானவை என்பதால், குடித்துக்கொண்டே சாப்பிட்டால் காமாலை வருகிறது. காசநோயைக் கண்டுபிடிக்கும் இடத்திலேயே குடியையும் விசாரித்து அதற்கும் சிகிச்சை தொடங்காவிட்டால் காசநோய் ஒழிப்பு ஏட்டோடு நின்றுவிடும்.

மூளைக்கு வரும் சேதத்தில் தடுக்கக்கூடிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். தினமும் குடித்துச் சாப்பாட்டைக் குறைத்தவர் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போகிறது. கண் பார்வை இரட்டையாகி, நடை தடுமாறி, குழப்பம் வரும். உடனே தயமின் ஊசி போட்டால் மீளலாம். தவறினால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத நிலை நிரந்தரமாகிவிடும். காலையில் வந்துபோன மகனை மாலையில் "எப்ப வந்தே" என்று கேட்பார்.

குடியை நிறுத்துவதிலும் ஆபத்து உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நெடுநாள் தினமும் அதிகம் குடித்தவரின் மூளை மதுவின் அழுத்தத்துக்கு எதிராகத் தன்னை முடுக்கிவிட்டு வைத்திருக்கிறது. மது திடீரென்று நின்றால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, பதற்றம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் பிதற்றல் நிலை வருகிறது: சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், இல்லாத ஆளோடு பேசுவார், காய்ச்சல் ஏறும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகலாம். பேய் பிடித்ததாக நினைத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போகும் குடும்பங்கள் இன்றும் உண்டு. 2020 மார்ச் ஊரடங்கில் மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது, இந்த நிலையில் மருத்துவமனைக்கு வந்தவர்களும், வார்னிஷையும் ஷேவிங் லோஷனையும் குடித்து இறந்தவர்களும் இருந்தார்கள். காலையில் எழுந்ததும் நடுக்கம் போக ஒரு கட்டிங் தேவைப்படுகிறதா? அவர் மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

குடிப்பவரின் உடம்போடு இந்தக் கணக்கு முடிவதில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நாலில் ஒருவர் குடிக்கிறார். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் காயம் பெண்கள்மேல் விழுகிறது. அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவரைக் கொண்ட பெண்களில் 70 சதவீதம் பேர் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாக அதே ஆய்வு நாடு முழுவதற்கும் சொல்கிறது. கணவர் குடிக்காத வீடுகளில் இது 23 சதவீதம். சாலை விபத்தில் இறக்கும் பாதசாரி, அப்பா போட்ட கூச்சலில் படிப்பைவிட்ட பிள்ளை, இவர்கள் யாரும் ஒரு சொட்டும் குடித்தவர்கள் இல்லை.

மதுவிலக்கைப் பற்றிப் பேசாமல் தமிழில் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. ராஜாஜி 1937 அக்டோபரில் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. பிறகு விலக்கு பலமுறை வந்து போனது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். 2023-24இல் மதுவால் அரசுக்கு வந்த வரி வருமானம் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பது வழக்கமான பதில். அந்த அச்சம் பொய்யல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் 65க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மெத்தனாலை நம் உடம்பு ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது பார்வை நரம்பை எரித்து, ரத்தத்தை அமிலமாக்கிக் கொல்கிறது. ஆனால் அது டாஸ்மாக் கடைகள் திறந்திருந்த காலத்தில் நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குவார்ட்டருக்குக் காசு பற்றாத கூலியாள்தான் பாக்கெட்டுக்குப் போனார்.

முழு விலக்கு, தடையற்ற விற்பனை என்ற இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பாரிஸில் ஒயினுக்கு ரேஷன் வைத்தபோது சிரோசிஸ் இறப்புகள் சரிந்தன. ரேஷன் போனதும் மறுபடி ஏறின. கோர்பச்சேவ் 1985இல் மது உற்பத்தியையும் விற்பனையையும் இறுக்கியபோது ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் மூன்றாண்டுக்குள் ஏறத்தாழ மூன்று ஆண்டு உயர்ந்தது. இறுக்கம் தளர்ந்தபின் சரிந்தது. ஸ்காட்லாந்து 2018 மே மாதம் ஒரு யூனிட் ஆல்கஹாலை 50 பென்ஸுக்குக் கீழே விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது. முழுக்க மதுவால் மட்டுமே நேரும் இறப்புகள் அதன் பிறகு 13 சதவீதம் குறைந்ததாக 2023இல் ஆய்வு வந்தது. பலன் அதிகம் கிடைத்தது ஏழைப் பகுதிகளுக்கு. மலிவான ஆல்கஹாலின் விலையை உயர்த்துவது, விற்கும் நேரத்தைக் குறைப்பது, கடைகளைக் குறைப்பது: இந்த மூன்றும் பலன் தரும் என்பதற்குப் பல நாடுகளின் ஆதாரம் இருக்கிறது. விலை உயர்வு மட்டும் தனியாக வந்தால் கருணாபுரத்துக் கூலியாள் பாக்கெட்டைத் தேடிப் போவார். சாராய வியாபாரிகளை உண்மையாகவே ஒடுக்குவதும், ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் குடிநோய் சிகிச்சை கிடைப்பதும் அதோடு சேர்ந்து வர வேண்டும்.

இதில் காசு செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. இப்போது பாட்டிலில் மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று போட்டிருக்கிறார்கள். புற்றுநோய் என்ற சொல் அதில் இல்லை. உள்ளே எத்தனை கிராம் ஆல்கஹால் என்பதும் இல்லை. அயர்லாந்து 2023இல் மதுவுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை லேபிளில் எழுத வேண்டும் என்று சட்டம் இயற்றியபோது மதுத் தொழிலின் எதிர்ப்பைச் சமாளிக்க வேண்டியிருந்தது. இங்கே விற்பவரே அரசு. ஒரு குவார்ட்டரில் 61 கிராம் இருக்கிறது, இது புற்றுநோய் தரும் பொருள் என்று தமிழில், படிக்கும்படியான பெரிய எழுத்தில் அச்சடிக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

குடிநோயை மருந்தால் கட்டுப்படுத்த முடியும். நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரொசேட் போன்ற மாத்திரைகள் வேட்கையைக் குறைக்கின்றன. டைசல்ஃபிராம் மேலே சொன்ன இரண்டாவது நொதியை அடைத்துவிடுவதால், அதைச் சாப்பிட்டவர் குடித்தால் அசிட்டால்டிஹைடு தேங்கி வாந்தியும் படபடப்பும் வரும். அந்த மாத்திரையை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், அது உயிருக்கே ஆபத்தாகலாம். சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு மையம் போன்ற இடங்கள் குடிப்பவரோடு அவர் குடும்பத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை தருகின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இலவசமாகவே பார்க்கிறார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கு 14416, இரண்டும் கட்டணமில்லாதவை. அடுத்த முறை எந்த நோய்க்காக டாக்டரைப் பார்க்கப் போனாலும், "எப்பவாவது எடுத்துப்பேன்" என்று சொல்லாமல், வாரத்துக்கு எத்தனை குவார்ட்டர், எத்தனை வருஷமாக என்பதை உள்ளபடி சொல்லுங்கள். அவர் எழுதும் மருந்தும் எடுக்கச் சொல்லும் சோதனையும் அதைப் பொறுத்துத்தான் இருக்கின்றன.